பச்சைப் பெட்டியில் வந்த போர்வை

ஆர்வில் ஸ்டானெக் கிளீவ்லாந்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து கோப்லின் தள்ளுபடிக் கடையில் விளக்குக்காரர். மஞ்சள் சுழல்விளக்கு ஒன்றைத் தள்ளுவண்டியில் நட்டிருப்பார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு அவர் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறாரோ அங்கே கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விலை பாதி. விளக்கு சுற்றியதும் பெண்கள் ஓடிவருவார்கள். என்ன பொருள் என்று கேட்பதெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான்.

ஓடிவருகிறவர்களில் பாதிப்பேர் அவர் தெருக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள், கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டித் தட்டை அவரிடம் நீட்டுகிறவர்கள். கடைக்குள் தலையில் ஸ்கார்ஃபும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக வருவார்கள். அவர்களுக்கு ஆர்விலைத் தெரியாது, ஆர்விலுக்கும் அவர்களைத் தெரியாது. "இந்தப் பக்கம் மேடம்" என்பார். அது மரியாதை.

வாங்கியதை வின்டர்மியர்ஸ் பெட்டியில் போட்டுப் பரிசாகக் கொடுப்பதும் அதே மரியாதையில் சேர்த்திதான். வின்டர்மியர்ஸ் என்றால் நகரத்தின் நடுவே பத்து மாடிக் கடை. கையுறை போட்டுக்கொண்டு போகவேண்டிய இடம். ஆர்விலின் மனைவி பெர்னிஸ் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய்க் கைக்குட்டை வாங்குவாள், பெட்டிக்காக. வெள்ளி எழுத்துப் போட்ட பச்சைப் பெட்டிகள் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தன. ஆர்வில் கோப்லினில் வாங்கும் பனியன்கூட வின்டர்மியர்ஸ் பையில்தான் வீட்டுக்கு வரவேண்டும். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு அந்தப் பையையும் மடித்துக் கொடுத்தனுப்புவாள்.

பத்து வருஷத்தில் ஒருநாளும் அவள் கோப்லினுக்குள் கால் வைத்ததில்லை. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "வியாபார நிர்வாகம்" என்பாள். ஆர்வில் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் வலிக்கும். ஒரே ஒரு தடவை வந்து அவர் வேலை செய்வதை அவள் பார்க்கவேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எதிர்வீட்டு வில்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆர்வில் கோப்லினில் வாங்கிவந்த ஒரு போர்வையைப் பெர்னிஸ் பச்சைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். போர்வை ஒற்றைக் கட்டிலுக்கானது. கல்யாணப் பெண்ணோ விவரம் புரியாதவள். பெரிதாக மாற்றிக்கொள்ள நேரே வின்டர்மியர்ஸுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்தவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இது எங்கள் சரக்கு அல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பெட்டியோடு வில்மா வந்து நின்றாள்.

"என்னடி பெர்னிஸ் இது அநியாயம்! நீ பொய் சொல்றேங்கிற மாதிரி பேசியிருக்கானுங்க. ரசீதை எடு, நாளைக்கே ரெண்டு பேரும் போய் மேனேஜரை ஒரு வழி பண்ணிடலாம்."

வில்மாவிடம் அதே போர்வை சிவப்பில் இருந்தது. அதை வாங்க விளக்கடியில் அவள் யார் காலை மிதித்தாள் என்பதுகூட ஆர்விலுக்கு நினைவிருந்தது. 

"வேணாம் வில்மா, நானே மாத்திக் கொண்டுவரேன்" என்று பெர்னிஸ் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே மாத்திட்டு வந்துடுங்களேன்."

"வேலை செய்யறவங்க தாங்க வாங்கினதைத் தாங்களே மாத்தக் கூடாது. வீட்டு ஆளுங்க நேர்ல வந்து எங்க பேரைச் சொல்லணும். அதான் சட்டம்."

"இது என்ன புதுச் சட்டம்?"

"பழசுதான். உனக்குத் தேவைப்படல."

வாழ்நாளில் முதல்முறையாக ஆர்விலுக்கு ஒரு சட்டம் பிடித்துப்போயிற்று.

மறுநாள் பெர்னிஸ் ஸ்கார்ஃப் கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். பொருள் மாற்றித் தரும் மேஜைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. ஒலிபெருக்கி மைக்கும் அந்த மேஜையில்தான் இருந்தது. அவள் உள்ளே வந்ததை ஆர்வில் பார்த்துவிட்டார். குழந்தைகள் பூட்ஸ் பாதி விலை என்று அறிவித்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மைக்கை அணைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் செய்யாத தவறு அது.

"யார் பேர்ல வாங்கினது மேடம்?" என்றாள் மேஜையிலிருந்த பெண்.

பெர்னிஸ் முணுமுணுத்தாள்.

"கேக்கல மேடம்."

"ஸ்டானெக்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

பெர்னிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்டானெக்! ஆர்வில் ஸ்டானெக்! அதோ விளக்கைத் தள்ளிட்டுப் போறாரே, அவர்தான். என் வீட்டுக்காரர்!"

கூரை ஒலிபெருக்கிகளிலிருந்து கடை முழுக்க அவள் குரல் இறங்கியது. பூட்ஸுக்காக முட்டி மோதிக்கொண்டிருந்த ஸ்கார்ஃப்கள் எல்லாம் நின்றன. ஆர்வில் வண்டியைப் பிடித்தபடி நின்றார். 

ஒரு ஸ்கார்ஃப் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றியது. வில்மா.

"ஆர்வில், இதுல அடுத்த சைஸ் இருக்கா?"

கடைக்குள் அந்தத் தெருக்காரர் யாரும் அதற்குமுன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேடி எடுத்துக் கொடுத்தார். அப்புறம் இன்னும் இரண்டு கண்ணாடிகள் கழன்றன.

பெரிய போர்வையைக் கோப்லின் காகிதப் பையிலேயே வாங்கிக்கொண்டு பெர்னிஸ் விளக்கடிக்கு வந்தாள். பச்சைப் பெட்டி கையில் இல்லை. சுற்றுகிற விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அறிவிச்சதைக் கேட்டேன். வானொலிக்காரன் மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா இந்தக் குரலை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"இங்கேதான், பெர்னிஸ்" என்றார் ஆர்வில்.