மொட்டைமலையில் இரண்டாவது கல்

காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாறு வருஷமாக லேபில் ரத்தமும் சளியும் பார்க்கிறவள், கண்ணுக்குத் தெரிந்தால்தான் எனக்கு எதுவும் உண்டு. அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. என் கோபமெல்லாம் வேறு ஆட்கள் மேல்.

நான் தனியாக மலை ஏறுகிறவள். முதுகில் ஒரு பை, இரண்டு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான், கிளம்பிவிடுவேன். செஞ்சியில் பிறந்தவளுக்கு மலை என்ன புதுசா, ஜன்னலைத் திறந்தால் கோட்டைதானே. ஆனால் நிம்மதியாகப் போக விடுகிறார்களா? பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார், வழியில் டீ குடித்தால் அங்கே கேட்பார்கள், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற என் நைனாவும் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "தொணைக்கு யாரும்மா வர்றாங்க?" என்று. யாரும் வரவில்லை. முப்பத்தெட்டு வயதுப் பொம்பளைக்குத் துணை என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆம்பளை தனியாகப் போனால் தைரியசாலி, நான் போனால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அதனால்தான் மொட்டைமலை எனக்கு முக்கியமாகப் போயிற்று. அனந்தபுரம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் கொல்லை வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அடிவாரம். படி கிடையாது, ஒழுங்கான பாதையும் கிடையாது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வழுக்குப் பாறை. அந்தப் பாறையில் இரண்டு தடவை தோற்றுத் திரும்பியிருக்கிறேன். தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இன்றைக்கு ஏறியே தீருவது, அதுவும் தனியாக ஏறியே தீருவது என்று மூன்றாவது தடவையாகப் போனேன்.

மலையடி ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விறகுக்கோ சீத்தாப்பழத்துக்கோ மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்துத் தட்டைப் பாறையில் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போகவேண்டும். இறங்கியதும் தன் கல்லைத் தானே எடுத்து எறிந்துவிட வேண்டும், அடுத்தவர் கல்லைத் தொடக்கூடாது. சாயங்காலம் ஆடு திரும்பும்போது கல் மிச்சம் இருந்தால் யாரோ மேலே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஆள் சேர்த்துத் தேடப் போவார்கள். இதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை, நல்ல ஏற்பாடு. நானும் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தேன். வேப்பமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வியக்கா, என்னைப் போன தடவைகளில் பார்த்தவர்தான், பார்த்துச் சிரித்தார். அவர் மட்டும் துணைக்கு யார் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிவாக்கில் அந்தப் பாறைக்கு வந்தேன். பையை மேலே வீசிவிட்டு ஏறிப் பார்த்தால் சறுக்கிவிட்டது, திரும்ப ஏறினேன், திரும்பச் சறுக்கிற்று, மூன்றாவதில் முட்டி பேர்ந்து ரத்தம். நான்காவது தடவை மேலே நிற்கிறேன். எப்படி ஏறினாய் என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. வெறி வந்தால் மனுஷனுக்கு எங்கிருந்தோ பலம் வரும் இல்லையா, அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். உச்சியில் உட்கார்ந்து புளிசாதத்தைத் தின்றுவிட்டு நைனாவுக்கு போன் போட்டு, தனியாகவே ஏறிவிட்டேன் என்று கத்தினேன். "சரி சரி, சிரிச்சது போதும், ரெண்டு பேரும் பாத்து எறங்குங்க" என்று வைத்துவிட்டார். நான் சொல்வதைக் காதில் வாங்குகிற வழக்கமே அவருக்குக் கிடையாது என்று அதற்கும் எரிச்சல்பட்டேன்.

மூன்று மணிக்குக் கீழே வந்தால் தட்டைப் பாறையில் இரண்டு கல் இருந்தது. என்னுடையதை எடுத்து எறிந்துவிட்டு நடந்தேன். செல்வியக்கா கூப்பிட்டார்.

"இன்னாம்மா, நீ மட்டும் வர்ற? அவங்க எங்க?"

"எவங்கக்கா?"

"உங்கூட வந்த பொம்பளதான். அதோ அவங்க வச்ச கல்லு அப்பிடியே இருக்குது பாரு."

"நான் தனியாதான வந்தேன்."

"வெளாட்றியா? பாறையில ஏற முடியாம நீ சறுக்கினு இருந்தப்ப, மேலேர்ந்து கையக் குடுத்துத் தூக்கி வுட்டது யாரு? இங்க நின்னு பாத்துனுதான இருந்தேன்."

எனக்குப் பயம் வரவில்லை, நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று தடவை வந்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு நான் ஏறிய மலையை, எவளோ ஒருத்தி ஏற்றிவிட்டாள் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார். நானும் கத்தினேன், அவரும் கத்தினார், ஊரே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் வேறு, காலையில் இரண்டு பொம்பளைங்க கொல்லை வழியாக நடந்து போனதைப் பார்த்தேன் என்கிறார்.

"ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா? தள்ளி கிள்ளி வுட்டுட்டியா, உண்மையச் சொல்லும்மா" என்று அந்த ஆள் என்னைக் கேட்டார். என்னை! ஒரு உயிரைக்கூடத் தள்ளிவிட்டு வரக்கூடியவள் என்று நினைத்தார்களே தவிர, ஒரு பொம்பளை தனியாக வந்திருப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாலு ஆம்பளைகள் மலைக்குப் போனார்கள். அவர்கள் வருகிறவரை என்னைத் திருடியைப் போல உட்கார வைத்திருந்தார்கள். பொழுது சாய வெறுங்கையோடு வந்தார்கள், மேலே யாரும் இல்லை. அந்தப் பக்கமாக இறங்கிப் போயிருப்பாள் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பேர், அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் செல்வியக்கா மகளின் நோட்டில் எழுதிக் கொடுத்தபிறகுதான் என்னை விட்டார்கள். அந்தக் கல்லையாவது எடுத்துப் போடுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. நானே எடுக்கப் போனேன், நாலைந்து பேர் ஒரே சமயத்தில் அதட்டினார்கள். விட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் லேபில் இருந்தபோது போன் வந்தது. செல்வியக்காதான்.

"அவங்க எறங்கிட்டாங்கம்மா. இப்பதான் வந்து கல்ல எடுத்து எறிஞ்சிட்டுப் போறாங்க. மூணு நாளு மேலயே உன்னத் தேடினு இருந்தாங்களாம். வுட்டுட்டுப் போயிட்டாளேன்னு ஒரே அழுக. தூக்கி வுட்டவங்கள இப்பிடியா பண்ணுவாங்க? நீயெல்லாம் இன்னா மனுசி?"

"யாருக்கா அது? பேரு இன்னா சொன்னாங்க?"

"உங்கூட வந்தவங்க பேர எங்கிட்ட கேக்குறியா? அட்ரஸ் கேட்டாங்க, நோட்டப் பாத்து எழுதிக் குடுத்தேன். வந்தா சண்ட போடாத, மொதல்ல ஒரு வாய் சோறு போடு. பாவம், எளச்சிப் போயிருக்குறாங்க."

யாரைக் கேட்டு என் அட்ரஸைக் கொடுத்தார்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. திருப்பிக் கூப்பிட்டுத் திட்டினேன், அவர் போனை வைத்துவிட்டார். அந்தப் பாறையை நான்தான் ஏறினேன், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நாலாவது தடவை எங்கே காலை வைத்தேன், எதைப் பிடித்தேன் என்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றுமே ஞாபகம் வருவதில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமென்றால், கை கொடுத்தவளை மூன்று நாள் உச்சியில் விட்டுவிட்டு வந்தவள் நான்தானே.

ஏழு மாசம் ஆகிறது, இதுவரை யாரும் வரவில்லை. காலிங் பெல் அடித்தால் மட்டும், சண்டை போடுவதா மன்னிப்புக் கேட்பதா என்று முடிவு பண்ண முடியாமல் கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.