அண்ணியும் கிரீச் கதவும்

எங்கள் அண்ணி தையல்காரி. வாய், கையிலிருக்கும் கத்தரியைவிடக் கூர்மை. கலவரக் கும்பல் கடைத்தெருவில் புகுந்து ஆட்களை வெட்டிச் சாய்த்த அன்று, வாசலுக்கு முதுகு காட்டிப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் கும்பல் பின்னால் வந்ததே கேட்கவில்லை. உயிர் தப்பியதே பெரிய காரியம். அதற்குப் பிறகு எந்த வாசலுக்கும் அவரால் முதுகு காட்ட முடியவில்லை. கடையோ ஓர் ஆள் அகலம். மிஷினைச் சுவரைப் பார்த்துத்தான் போட முடியும். கடை பூட்டியே கிடந்தது.

என் தச்சுப் பட்டறைக்கு மேலே உள்ள அறையில், அவரைப் போலக் கலவரத்தில் அடிபட்ட பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்டதெல்லாம் சிரிப்பு. பஸ் கண்டக்டர் அக்காதான் அவர்களை மேய்ப்பவர். வட்டமாக உட்காருவார்கள். அண்ணி மட்டும் கதவைப் பார்த்த நாற்காலியை விடமாட்டார். "அடுத்த வாரம் மாறி உக்காருறேன்" என்றே காலத்தை ஓட்டினார்.

அந்தக் கதவு திறந்தால் கழுதையாகக் கத்தும். போனால் போகிறதென்று ஒரு சனிக்கிழமை காலை கீலுக்கு எண்ணெய் விட்டேன். அண்ணி துணிந்து இடம் மாறி உட்கார்ந்ததும் அதே சனிக்கிழமைதான். டீ கொண்டுவந்த டீக்கடை அம்மா சத்தமில்லாமல் நுழைந்து தோளோரம் டம்ளரை நீட்ட, அண்ணி போட்ட அலறலில் என் உளி கீழே விழுந்தது.

"யாருய்யா கதவுல கை வெச்ச புண்ணியவான்?" படியில் நின்று கத்தினார் கண்டக்டர் அக்கா.

"நான்தான். கத்திக்கிட்டே இருந்துச்சே..."

"அது கத்துற தைரியத்துலதான் நாங்க பாதிப்பேர் கதவுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கோம்! நல்ல கதவை ஊமையாக்கிட்டீங்களே!"

அண்ணிக்கு முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் அசரவில்லை. "வீட்டு ஜன்னல் கழண்டு தொங்குது, அதுக்கு வராத எண்ணெய் இங்க வந்துடுச்சா கொழுந்தனாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கவலை. இனி அண்ணி மேலே வருவாரா?

பழைய இரும்பு மூட்டையைக் கொட்டிக் கிளறினேன். கெட்ட கீலைத் தேடி அலைந்தது என் தொழிலில் அதுதான் முதல்முறை. துருவேறிய ஒன்றை மேலறைக் கதவில் மாட்டி இழுத்தேன். பழைய கழுதை பரவாயில்லை என்றாகிவிட்டது. உள்ளே ஒரே கைதட்டல்.

"ரைட், ரைட்! சீட்டு காலியா இருக்கு, உக்காரு!" என்றார் கண்டக்டர் அக்கா.

அண்ணி கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "கொழுந்தனாரே, வெளிய போயிட்டு ஒரு தடவ உள்ள வாங்க."

போய் வந்தேன். கிரீச்!

"வந்துட்டாரு" என்றார், திரும்பாமலே.

அடுத்த வாரமே கடையைத் திறந்துவிட்டார். கடைக் கதவுக்கும், மிஷின் சத்தத்தையும் மீறிக் கத்தும்படி பொறுக்கியெடுத்த கெட்ட கீல், என் உபயம். சுவரைப் பார்த்துச் சீருடை தைக்கிறார். நான் நுழைந்தால் கை நிற்காது, தலை திரும்பாது. கேள்வி மட்டும் வரும்:

"கையில எண்ணெ டப்பா இல்லையே?"