பானெட் மேல் போட்ட கோடு

என் கணவர் பொய் சொல்லாதவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றி இனி நான் சொல்லப்போவது எதுவும் அவ்வளவு நன்றாக இருக்காது. பொய் சொல்ல மாட்டார், சிரிப்பார். யாராவது எதையாவது தப்பாக நினைத்துக்கொண்டு, அந்தத் தப்பு அவருக்குச் சௌகரியமாகவும் இருந்துவிட்டால், தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒரு சிரிப்பு. மூன்று வருஷம் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து நான் வெந்தேன்.

விஷயம் பெரிதில்லை என்பார்கள். மராத்திக்காரர்கள் ஊரில், பாணேரில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்குக் கார்கள். நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் கிட் அவை. பெட்டிக்குள் நூறு துண்டாக வரும். வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்து அதைக் காராக்குவது நம் பாடு. எல்லாம் நான் செய்தவை. பால்கனியில் நான் வேலை செய்கிற மேஜைப் பக்கம் அவர் வருவதே காபி டம்ளரை வைக்கத்தான், அதையும் சரியாகக் காயப்போட்ட கதவின் மேல்தான் வைப்பார்.

நான் லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா விமானம் பழுது பார்க்கிறவர். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியதற்கு கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். அவர் கண் விமானக் கிட்டின் மேல் இருந்தது. தலைக்கு மேல் நாள் முழுக்க விமானம் போய் அலமாரித் தட்டெல்லாம் அதிர்கிற வீட்டில் இருந்துகொண்டு, எனக்கு விமானம் போதும் போதும் என்றிருந்தது. நான் காரை எடுத்தேன். அம்மாவுக்குத்தான் வருத்தம். “ஏட்டி, இந்தக் காசுக்கு ஒரு பாவாடத் துணி எடுத்திருக்கலாம்லா” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் குவார்ட்டர்ஸில் என்னை எல்லோருக்கும் தெரியும். ‘காடிவாலி லட்கி’, கார்க்காரப் பெண், என்றால் நான்தான். பஞ்சாபி வீட்டு அம்மாவிலிருந்து மலையாளி வீட்டுத் தாத்தா வரைக்கும் எவரும், இதை உன் அண்ணனா செய்தான் என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே பாணேருக்கு வந்துதான் தெரிந்தது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கல்யாணமாகி நாலாவது மாதம், அவருடைய ஆபீஸ் மேலதிகாரி சாப்பிட வந்திருந்தார். நான் அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் அந்த மனிதர் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, இது உங்கள் ஹாபியா என்று இவரைக் கேட்டார். பதிலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர் விவரம் தெரிந்தவர் போல. ஒரு காரைக் காட்டி, இந்த மாடலில் ஸ்டியரிங் இடது பக்கம் அல்லவா வரும், எப்படி வலது பக்கம் மாற்றினீர்கள் என்று கேட்டார். டாஷ்போர்டை மூன்றாக அறுத்து, இடம் வலம் மாற்றி ஒட்டி, இடுக்கெல்லாம் நானா பேட் கடையில் வாங்கின பட்டிப் பசையை வைத்து அடைத்து, பத்து நாள் நான் பட்ட பாடு அது. என் வீட்டுக்காரர் சொன்ன பதில், “பொறுமை வேணும் சார்.”

எண்ணெய்ச் சட்டியை அப்படியே தூக்கி எறியலாமா என்று வந்தது. வடையைக் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் சாப்பிட்டார்கள்.

மேலதிகாரி போனதும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே இவரைக் கேட்டேன். “அதுல என்ன இருக்கு? நம்ம வீட்டுப் பொருள்தானே. நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன?” என்றார். அப்படியானால் உங்கள் அடுத்த ப்ரமோஷன் லெட்டரில் என் பெயரைப் போடச் சொல்லுங்கள், அதுவும் நம் வீட்டுக்குத்தானே வருகிறது என்றேன். நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டார். நோகாமல் நொங்கு தின்கிறவர்களுக்கு எல்லாமே ஜோக்தான்.

அதற்கப்புறம் அது வளர்ந்தது. வந்தவர்கள் போய்ச் சொல்லி, அது கோயம்புத்தூர் வரைக்கும் போனது. மாமியார் போனில் பூரித்துப்போனார். அஞ்சு வயசிலேயே ரேடியோவைக் கழற்றிப்போட்டவனாயிற்றே என்றாராம். கழற்றியதைத் திரும்ப மாட்டினானா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். எனக்கு வீம்பு. நான் போய், ஐயா அது நான் செய்தது என்று ஒவ்வொருவரிடமும் நிற்பதா? இவர் வாயால் வரட்டும், ஒரே ஒரு தடவை, அவருடைய மனிதர்கள் முன்னால் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

இதற்கு நடுவே ஐந்தாவது காரை ஆரம்பித்தேன். எனக்கு அப்போது ரஞ்சன்காவில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ். சம்பளத்துக்கு நான் வரைந்தது நிஜக் கார்களின் கதவுக் கீல். கிட்டில் வருகிற காருக்குக் கதவு திறக்காது, உடம்போடு சேர்த்து வார்த்திருப்பார்கள், கதவு இருக்கிற இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே பிளேடின் முதுகுப் பக்கத்தால் இழுத்து இழுத்து, நாலு கதவையும் அறுத்தெடுத்தேன். அவசரப்பட்டு ஒரு இழுப்பு அதிகமானால் கதவு போச்சு. பித்தளைக் கம்பியை வளைத்துக் கீல் செய்தேன். கருநீலத்தில் ஏழு பூச்சு, ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் தண்ணீர் தொட்டு நைஸான எமரித் தாளால் தேய்த்து அடுத்தது. இரண்டு வருஷம் பிடித்தது. கதவைச் சாத்தினால் டக் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே திறந்து திறந்து சாத்துவேன்.

கோத்ருடில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், மாடல் செய்கிறவர்கள் சேர்ந்து தசராவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வைத்தார்கள். இந்தக் காரை என் பெயரில் வைக்கப் பதிவு செய்திருந்தேன். இவருக்கும் தெரியும். அந்த நவராத்திரிக்குத்தான் மாமியார் ஊரிலிருந்து வந்தார்.

நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல் பாணேர் ரோட்டோரத்தில் தமிழிலேயே பேரம் பேசிச் செண்டுமல்லி வாங்கி வருகிறவர். சரஸ்வதி பூஜை அன்று எங்கள் கம்பெனியிலும் மெஷினுக்கெல்லாம் பூஜை போட்டார்கள். அங்கே மராத்திக்காரர்களுக்கும் அன்று ஆயுதத்துக்குப் பூஜைதான். என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து ஒரு பூவைச் சொருகியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலை, பொரி, கடலை. இலைக்கு வலது பக்கம் இவருடைய லேப்டாப். அதை ஒட்டி ஐந்து கார்களும் வரிசையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம். அதற்கு முன்னால் என் பிளேடுகள், இடுக்கி, தூரிகைகள், பெயின்ட் டின்கள். மாமியார் ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார். இடது பக்கம், தனியாக, ஒரு அரிவாள்மனையும் ஒரு கரண்டியும்.

“இது உனக்கு, அம்மிணி” என்றார், அன்பாகத்தான்.

சந்தனம் போகட்டும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். நான் இவரைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அடப்பாவி மனுஷா, இப்போதாவது சொல்லேன் என்று மனசுக்குள் கத்தினேன். கற்பூரம் காட்டினார்கள். விழுந்து கும்பிட்டேன், கரண்டிக்கு முன்னால்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் திரும்பப் பூஜை செய்து, அவரவர் சாமானை அவரவர் எடுத்து ஒரு சின்ன வேலையாவது செய்ய வேண்டும். படிக்கிறவர்கள் ஒரு பக்கம் படிப்பார்கள், தையல்காரர் ஒரு தையல் போடுவார். இது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அதனால் மறுநாள் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

காலையில் கற்பூரம் அணைந்ததும் இவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரி தட்டினார். மாமியார் விடவில்லை. “அது கம்பெனி வேலை சாமி. இது உன் கைவேலை. இதையும் தொட்டு ஒரு கோடாச்சும் போடோணும்” என்று தூரிகையை எடுத்து நீட்டினார்.

இவர் என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. காப்பாற்று என்கிற பார்வை. நான் காப்பாற்றுவேனா? “எடுங்க. உங்க கைவேலைதானே” என்றேன்.

எடுத்தார். நாலு மயிர் தூரிகையைப் பேனா போலக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெள்ளை பெயின்ட் டின்னை எடுத்து ஊறுகாய் பாட்டிலைப் போலத் திருகினார். அது திருகு மூடி இல்லை, நெம்பித் திறக்க வேண்டும். திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமியார்தான் வாங்கி, எனக்கென்று வைத்திருந்த கரண்டியின் காம்பால் நெம்பித் திறந்துகொடுத்தார். இந்த இடத்தில்கூட அவர் சொல்லியிருக்கலாம். அம்மா, எனக்கு இது தெரியாது, இது அவளுடையது. ஐந்தாறு வார்த்தை. அதைச் சொல்வதற்குப் பதில் என் கணவர் தூரிகையை டின்னில் விட்டார், கலக்கக்கூட இல்லை. கலக்காத டின்னில் மேலாக மிதப்பது எண்ணெய்தான். அந்த மஞ்சள் பூத்த வெள்ளையை எடுத்து என் கருநீலக் காரின் பானெட் மேல், கண்ணாடியிலிருந்து விளக்கு வரைக்கும், கோணலாக ஒரு கோடு இழுத்தார்.

“நல்லா இரு சாமி” என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

பொய்யைக் காப்பாற்ற இந்த மனிதர் என் இரண்டு வருஷத்தின் மேல் பெயின்ட் அடிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அடுக்களைக்கு என் பின்னாலேயே வந்து, ஈரமாகத்தானே இருக்கிறது, துடைத்துவிடலாம் இல்லையா என்று கிசுகிசுத்தார். துடைத்திருக்கலாம். பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு இழுப்பு, பத்து நிமிஷத்துக்குள் செய்தால் தடமே இருக்காது. நான் ஹாலுக்குப் போய் அந்தக் கார் முன்னால் உட்கார்ந்தேன். கோடு நன்றாகக் காய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கோத்ருட் போனோம். மகனுடைய காரைப் பார்க்க மாமியார் பட்டுப்புடவை கட்டியிருந்தார். அம்மாவிடம் நானே அப்புறமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று இவர் வழியிலேயே என் காதோடு சொன்னார்.

மேஜையில் காரை வைத்தேன், நாலு கதவையும் திறந்து. பக்கத்தில் ஒரு அட்டை வைக்க வேண்டும், இங்கிலீஷில். எழுதிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மாமியாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குனிந்து பார்த்துவிட்டு மகனிடம், “இதுல உம்பேரு எங்க இருக்குது சாமி? படிச்சுச் சொல்லு” என்றார்.

இவர் அட்டையைப் பார்த்தார். மேஜைக்கு எதிரில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“படிங்க” என்றேன். “தமிழ்லயே சொல்லுங்க. அத்தைக்குக் கேக்கற மாதிரி.”

முதல் வரியைப் படித்தார். என் பெயர். அறுத்தது, கீல் வைத்தது, பெயின்ட் அடித்தது எல்லாம் அவள்தான் என்று வந்தது. நிறுத்திவிட்டார். இன்னொரு வரி இருக்கிறதே என்றேன். அதையும் படித்தார். “பானெட் மேல இருக்கற வெள்ளக் கோடு மட்டும், அவ வீட்டுக்காரர் போட்டது.”

மாமியார் காரை ஒட்டி வந்தார். குனிந்து ஒரு கதவைத் தொட்டு, மெதுவாகச் சாத்தினார். டக் என்றது. திரும்பவும் திறந்தார். பிறகு நிமிர்ந்து மகனிடம், “ஏன்டா, மூணு வருசமா வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தே?” என்று கேட்டார். அத்தோடு விட்டிருந்தால் எனக்குக் குளிர்ந்திருக்கும். என் பக்கம் திரும்பினார். “நீயும் நல்ல ஆளுதான் அம்மிணி. நான் டின்னத் தொறக்கறப்பகூடப் பாத்துக்கிட்டே நின்னியே.”

எனக்கு மாமியார் மேலேயும் கோபம் வந்தது, நியாயமாகச் சொன்னதற்காக.

அடுத்த வருஷம் பூஜைக்கு மாமியார் வரவில்லை. போனில், யார் யார் சாமானை எங்கே வைக்க வேண்டும் என்று மகனுக்கு வரிசையாகச் சொன்னார். அரிவாள்மனையும் கரண்டியும் என் கணவர் பக்கம் போயின. மறுநாள் விடிந்ததும் வழக்கப்படி அவர்தான் காய் நறுக்கினார், கொஞ்சம் விரலையும் சேர்த்து.

கார் அலமாரியில்தான் இருக்கிறது, கோட்டோடு. யார் வந்தாலும் அது என்ன என்று கேட்பார்கள், அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறார். எமரித் தாளால் தேய்த்து மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போய்விடும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எப்போது அழிப்பாய் என்று அவ்வப்போது கேட்கிறார். பொறுமை வேணும் சார் என்கிறேன்.