நெட்டி வீட்டுச் சுவரோரப் பனி

எதிர்வீட்டு நெட்டி ஹவ்ரிலுக் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அப்போது உட்கார்ந்ததே ஆயுசுக்கும் போதும் என்பாள். தேநீரை நின்றுகொண்டே குடிப்பாள், அதுவும் பாதிதான். மீதி ஜன்னலோரம் ஆறிக் கிடக்கும். மெட்ரோ என்ற அவள் கணவன் இறந்துபோன பிறகு இந்தப் பறப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

போன இலையுதிர்காலத்தில், வீட்டைச் சூடாக்க மெட்ரோ காலத்தில் வைத்த ஃபர்னஸைத் தூக்கிவிட்டு நிலவறையில் புதிதாக ஒரு கேஸ் ஃபர்னஸ் வைத்தாள். பழையதற்குக் கூரைக்கு மேல் புகைபோக்கி இருந்தது. புதியதற்கு அது வேண்டாம். பக்கச் சுவரின் அடியில் இரண்டு வெள்ளைக் குழாய்கள், காற்றை இழுக்க ஒன்று, புகையை விட ஒன்று.

கொஞ்ச நாளில் மகள் தமாரா சஸ்கட்டூனிலிருந்து வந்து சண்டை பிடித்தாள். இந்தக் குளிரில் தனியாக என்ன கிடக்கை, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்றாள். பேச்சு முற்றியதும் நெட்டி வீறாப்பாகச் சுவரில் இருந்த மாதா படத்தில் கையை வைத்துவிட்டாள்.

"இந்தக் குளிர்காலத்துல ஒரே ஒரு நாள் என் வீடு குளிர்ந்துபோச்சுன்னாலும் நானே பெட்டியைக் கட்டிட்டு வரேன். போதுமா?"

நானும் அங்கேதான் இருந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதற்கு இவளை விட்டால் ஆள் இல்லை.

டிசம்பரில் தமாரா மறுபடி வந்தாள். ஊருக்குத் திரும்புமுன் அப்பா வருடாவருடம் செய்துவந்ததுபோல வீட்டைச் சுற்றிப் பனியை ஜன்னல் அடிவரை குவித்து, மண்வாரியின் முதுகால் தட்டி இறுக்கிவிட்டுப் போனாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். குளிர்காற்று உள்ளே புகாமல் பனியே போர்வை.

ஜனவரி ஆறாம் தேதி, பழைய நாட்காட்டிப்படி வரும் எங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அன்று காலையில் தொலைபேசி அலறியது.

"மெர்வின், உடனே வாயேன். இது பத்திக்குது, அணைஞ்சுபோகுது. பத்திக்குது, அணைஞ்சுபோகுது. எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும். சாயங்காலம் தமாரா வரா!"

போனேன். அடுப்பில் பீட்ரூட் சூப், மேசையில் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகள். நெட்டி நிலவறைப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். கீழே விசிறி முனகும், நெருப்பு பற்றும், வீட்டுக்குள் வெதுவெதுப்பு வரப்போகிறது என்று நினைக்கும்போதே 'டக்' என்று நிற்கும். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு மறுபடி முனகும். 

அதன் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம், தூசி. மாற்றினோம். பற்றியது, நின்றது. தமாராவின் பழைய அறையில் சூடான காற்று வரும் வாயை நெட்டி சிக்கனத்துக்காக மூடி வைத்திருந்தாள். திறந்தோம். பற்றியது, நின்றது. நெருப்பு எரிகிறதா என்று உணரும் கம்பியைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தேன். அப்போது வழக்கத்தைவிடச் சற்று நீண்ட நேரம் ஓடியது. நெட்டி சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி அடித்தாள். உடனே நின்றது.

"உன் கைராசியைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!" என்றாள்.

"நான் டிராக்டர் பார்த்தவன், நெட்டி. இது என்ன டிராக்டரா?"

பழுது பார்ப்பவனைக் கூப்பிட்டால், ஊர் முழுக்க இதே பாட்டுதான், நாளை மறுநாள் வருகிறேன் என்றான். மதியத்துக்குள் சமையலறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றோம். பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. கொழுக்கட்டையை வேகவைக்க மறந்து, மாதா படத்தைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள் நெட்டி. இந்த வீட்டில்தான் மெட்ரோ கடைசி மூச்சு விட்டான். அவள் பயந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பின்வாசல் வராந்தாவில் குளிர வைத்திருந்த மீன் பாத்திரத்தை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மெர்வின், பனி புகையுதுடா!"

பக்கச் சுவரோரம் குவிந்த பனியில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து ஆவி கசிந்துகொண்டிருந்தது. புகைக்குழாயின் சூடு உள்ளே ஒரு குகையை உருக்கியிருக்கிறது. உருகிய நீர் நாளடைவில் உறைந்து, காற்று புகும் இடுக்குகளை அடைத்துவிட்டிருக்கிறது. அந்தக் குகைக்குள் ஃபர்னஸ் தான் விட்ட மூச்சையே தான் இழுத்துத் திணறியிருக்கிறது. மெட்ரோ காலத்தில் அந்தச் சுவரில் குழாயே கிடையாது. தமாராவுக்கும் புதுக் குழாய்கள் நினைவில்லை, எங்கள் இருவருக்கும்கூட உறைக்கவில்லை. மூன்று மடையர்கள்!

நெட்டி மண்வாரியை எடுத்து வெறிபிடித்தவள் மாதிரி பனியை வெட்ட ஆரம்பித்தாள். இரண்டு குழாய்களும் வெளியே தெரிந்த நேரத்தில் தமாராவின் வண்டி வந்து நின்றது.

"அம்மா! அப்பா கட்டுற மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டினேன். ஏன் இடிக்கிறே?"

நெட்டி மண்வாரியைப் பனியில் ஊன்றிக்கொண்டாள். மறைத்திருக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் மகளை வெளியே நிறுத்தியிருந்தால் வீடு சூடாகியிருக்கும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"நீ கட்டினது குழாயை அடைச்சிருச்சு. வீடு காலையிலேர்ந்து குளிர்ந்து கிடக்கு. போய்ப் பாரு. சொன்ன சொல்லு சொன்னதுதான், வரேன். ஆனா ஒண்ணு சொல்லுடி. நான் இந்த வீட்டை விட்டு வரணும்னுதானே நீ ஒத்தக்கால்ல நின்னே? அப்புறம் எதுக்கு இப்படி மாஞ்சு மாஞ்சு பனியைக் குவிச்சே?"

தமாரா குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுக்கும் குழாய் சத்தமாகக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அது நிற்கவில்லை.

"நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்மா," என்றாள். "குளிராமயாவது இருக்கட்டும்னுதான்."

 நெட்டி கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிழக்கே முதல் நட்சத்திரம் தெரிந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி பண்டிகை விருந்துக்கு உட்கார வேண்டிய நேரம்.

"மாதா முன்னால சத்தியம் பண்ணிட்டேனேடி."

"மாதா கேட்டா, குளிரவெச்சது நான்தான், அந்தச் சத்தியம் செல்லாதுன்னு சொல்லிக்கிறேன்," என்று தமாரா அவள் கையிலிருந்து மண்வாரியைப் பிடுங்கினாள். "உள்ளே போ. போய் உட்காரு."

நெட்டி போய் உட்கார்ந்தாள்.