சந்தையில் நான் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பொருளாதாரச் சிந்தனை வரலாறு நடத்திவந்தேன். உளவியல் தனித்துறையாவதற்கு வெகுகாலம் முன்பே, விலையைப் பற்றி எழுதியவர்கள் மனத்தைப் பற்றியும் எழுதினார்கள். இரண்டாவது பழம் ஏன் முதல் பழம்போல் இனிப்பதில்லை, ஒருவன் பயம் எப்படி அடுத்தவனுக்குத் தொற்றுகிறது என்றெல்லாம். மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். கண்ணால் கண்ட உதாரணம் ஒன்று கொடுக்க நினைத்தேன்.

எங்களுக்குக் கறி தரும் பேகம்பூர் பாயுடன் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது. பேரம் சூடாக நடந்தது. கையில் குறிப்பேட்டுடன் நின்ற நான் ஒரு தரகரிடம், "இந்தப் பக்கம் ஆட்டுக்கு ஏதும் நோய் வந்திருக்கா?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தேவையில்லை. அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் கேட்டேன்.

இல்லை என்றார். நகர்ந்துபோய் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் வாங்க வந்தவர்கள் ஆடுகளின் வாயைத் திறந்து பார்த்தார்கள். பேரச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. சிலர் வெறுங்கையுடன் பஸ் ஏறினார்கள்.

நான்கு ஆடுகளுடன் நின்றிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். "டாக்டரய்யா, என் ஆட்டைச் சித்த பாருங்க. நல்லாத்தான் இருக்கு."

நான் வாத்தியார், நோய் எதுவும் கிடையாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பக்கத்தில் நின்ற வியாபாரி ஒருவர் தன் ஆட்களிடம் திரும்பினார். "சொல்ல மாட்டாக. சொன்னா சந்தைய மூடணும்ல."

அதன்பின் கூட்டம் இன்னும் வேகமாகக் கலைந்தது.

அவளுடைய ஆடுகளை வாங்கிக்கொள்ளும்படி பாயிடம் கெஞ்சினேன். நடந்ததையும் ஒப்புக்கொண்டேன். அவர் மறுத்துவிட்டார். "நோய் இல்லேன்னு எனக்குத் தெரியும் சார். என்கிட்ட கறி வாங்குற சனத்துக்குத் தெரியணுமே. சேதி நமக்கு முந்தி ஊருக்குப் போயிருக்கும்."

அவள் நான்கையும் யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள். கயிறுகளை மட்டும் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் போய்ப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த உதாரணத்தை நான் வகுப்பில் சொல்லவேயில்லை. புத்தகத்தில் இருந்ததை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். தொடர்ந்து மூன்று வாரம் அய்யலூருக்குப் போய் அவளைத் தேடினேன். மூன்றாவது வாரம் விலை பழையபடி ஏறிவிட்டது. சந்தை நிறைந்திருந்தது. அவள் வரவில்லையே என்று பாயிடம் சொன்னேன்.

"விக்க ஆடு இருந்தாத்தானே சார் வருவாக" என்றார்.