ஜேசிபி பக்கெட்டில் ஒரு மூச்சு

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள் அது. திண்டிவனத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருந்த நான், லீவு போட்டுவிட்டு ஒரு தன்னார்வ மருத்துவக் குழுவோடு கிளம்பியிருந்தேன். விக்கிரவாண்டியைத் தாண்டி, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் முகாம். எங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு ஜேசிபி. அதை ஓட்டியவர் கோட்டக்குப்பத்துக்காரர், குவைத்தில் பத்து வருடம் மெஷின் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய தெருக்காரர்கள் கொடுத்தனுப்பிய ரொட்டியும் பால் பவுடரும் வண்டியில் இருந்தன.

காலை முழுக்கச் சேற்றுப்புண்ணும் காய்ச்சலும்தான். பத்து மணி இருக்கும், ஒருவர் தன் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தார். இருவரும் கூலி வேலை செய்பவர்கள்.

"விடியக்காலத்துலேர்ந்து வயிறு வலிக்குதுன்னா டாக்டரம்மா. இப்ப பேச்சே கொயறுது" என்றார்.

அந்தப் பெண்ணின் இமைகள் பாதி மூடியிருந்தன. திறக்கச் சொன்னால் புருவம்தான் ஏறியது, இமை எழவில்லை. உடம்பில் கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. எங்கள் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி தரையிலயா படுத்தாங்க?"

"ஆமாங்க. கட்டிலு வெள்ளத்துல போயிட்ச்சே."

"கட்டுவிரியன் பாம்பு. தரையில படுத்தவங்களைக் கடிக்கும், தடமே தெரியாது" என்றார் டாக்டர். எங்களிடம் இருந்த விஷமுறிவு மருந்து மொத்தத்தையும் கரைத்து டிரிப்பில் ஏற்றினோம். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் மார்பு மேலெழுவது குறைந்துகொண்டே வந்தது. வெண்டிலேட்டர் இருப்பது விழுப்புரத்தில். ஆம்புலன்ஸ் ஹைவேஸ் வரைக்கும்தான் வரும்.

ஜேசிபி டிரைவர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். "பக்கெட்ல ஏத்துங்க, ஜல்தி!"

வண்டியின் முன்னால் மண் அள்ளும் அந்தப் பக்கெட்டில் பாய் விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தோம். தலைமாட்டில் டாக்டர் மண்டியிட்டு மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு கொடுக்கும் பையை ஐந்து எண்ணி ஒருமுறை அழுத்தினேன். டிரிப் பாட்டிலைப் பக்கெட்டின் ஓரத்தில் நிறுத்திய கம்பில் கட்டினோம்; கணவர் கேபினில் டிரைவரோடு நின்றபடி வந்தார்.

பாதி வழியில், ஓடைப் பாலம் இருக்க வேண்டிய இடத்தில், சாலையே தெரியவில்லை. டிரைவர் இறங்கி, மார்பளவு தண்ணீரில் ஒரு கம்பால் குத்திக் குத்திப் பார்த்தார். "பாலம் இருக்குது, அரிக்கல!" என்று கத்தினார். திரும்ப ஏறி எங்களைப் பக்கெட்டோடு அப்படியே மேலே தூக்கினார். கீழே பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. என் கையில் ஓர் உயிரின் மூச்சு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குள் அப்படியொரு துள்ளல். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "எண்ணுங்க சிஸ்டர்!" என்று அதட்டிய டாக்டரின் முகத்திலும் அதே பரபரப்பு.

அவர் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தார். "நான் பேசறது கேக்குதா? கேட்டா கால் கட்டை விரல அசைங்க."

பெருவிரல் நூலளவு அசைந்தது. "அசையுது! அசையுது!" என்று நான் கத்தியதில் கேபினிலிருந்த கணவர் அழுதே விட்டார்.

ஹைவேஸில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஆம்புலன்ஸ் ஊழியரிடம் பையைக் கொடுத்து அந்தப் பெண்ணையும் கணவரையும் ஏற்றி அனுப்பிய பிறகுதான் என் விரல்கள் மடங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை பக்கெட்டைக் கழுவி, மேலே தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார் டிரைவர். "அடுத்து எந்த ஊருங்க?" என்றார். அந்த வாரம் முழுக்க அதுதான் எங்கள் வண்டி.

வாரக் கடைசியில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டைக்குள் விட்டிருந்த வெண்டிலேட்டர் குழாயை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் கேட்டார்: "நீதான சிரிச்சிக்கினே வந்தவ?"

எனக்கு முகம் செத்துவிட்டது. எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க."

"அவ்ளோ கோவம் வந்துச்சு எனக்கு. எய்ந்ததும் நல்லா நாலு கேக்கணும்னு இருந்தேன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்து, நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். உள்ளங்கைக்கு அடியில் அந்த முதுகு தானாக ஏறி இறங்கியது.

கணவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். அன்றைக்குத்தான் விழுங்கலாம் என்று சொல்லியிருந்தார்களாம். இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினார் அந்தப் பெண்.