கேட்க வந்தவர்களோடு எழும்பி நடந்த என் தங்கை

என் தங்கை கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரின் முதல் கட்டுரையை அவளுடைய மகன் எழுதுவதாக இருந்தது. படித்தவன், நன்றாக எழுதுவான். நான்தான் மறித்தேன். அவனுக்குத் தெரிந்தது அவனுடைய அம்மாவை மட்டும். அதற்கு முன்னால் இருந்தவளைத் தெரிந்த ஆள் இந்தக் குடும்பத்தில் இப்போது நான் ஒருவன்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தில் பிழை இருக்காது. மலரில் எல்லோரையும் மரியாதையாக 'அவர்கள்' என்று எழுத வேண்டுமாம். தங்கைக்கு மட்டும் அது என் கைக்கு வரவில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா குத்தகைப் பாட்டத்துக்கு நிலம் எடுத்து வாழை போட்டவர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதும் தங்கைக்கு ஐந்து வயதும் இருக்கும்போது அப்பா தவறிப்போனார்கள். மறு வாரமே நான் தலையில் சும்மாடு வைத்து வாழைக்குலை சுமந்து சந்தைக்குப் போனேன். அன்றைக்குச் சுமந்தவனுக்கு இன்றைக்கு மூன்று லாரி ஓடுகிறது. திருவனந்தபுரம் வரைக்கும் என் குலைக்குப் பேர் உண்டு. யாரும் கைதூக்கி விட்டதில்லை, நானாக ஏறினேன். அப்படி ஏறியதில் நான் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால் லாரியைச் சொல்ல மாட்டேன். தங்கையைப் படிக்க வைத்ததைச் சொல்லுவேன். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று சபையிலேயே சிலர் கேட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கல்லூரியில் புத்தகம் தேடிக் கொடுத்தவள் என் தங்கைதான்.

நூலகப் படிப்பு படிக்கப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது எனக்கே அது பிடிபடவில்லை. "புத்தகம் அடுக்க ஒரு படிப்பா ஏட்டி? வாழக்கொல அடுக்க நான் எங்க போய்ப் படிச்சேன்?" என்று கேட்டேன்.

"அடுக்கதுக்கு இல்லண்ணே, எடுத்துக் குடுக்கதுக்காக்கும்" என்றாள்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே அப்போது தலைமை நூலகராக இருந்த பெரியவர் கண்டிப்பானவர். கண்ணாடி அலமாரிகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பார். மாணவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், கேட்ட புத்தகம் வரும். வருடக் கடைசியில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை என்றால் அவருக்கு அதுதான் சந்தோஷம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் காலத்து ஒழுங்கு அது. தங்கையை ரெஃபரன்ஸ் மேசையில் உட்கார வைத்தார். சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் மேசை அது. தங்கையோ யாராவது கேட்டால் உடனே எழும்பி, அவர்களோடு அலமாரி வரைக்கும் நடந்து போய்விடுவாள். பெரியவர் கூப்பிட்டுக் கண்டித்தார். எழும்பிப் போனால் நாம் அவர்களுக்கு வேலைக்காரர் ஆகிவிடுவோம் என்றார். "எந்த அலமாரின்னு தெரிஞ்ச பிள்ளை எங்கிட்ட எதுக்கு சார் வரப்போகு?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை.

இனயத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவியைப் பற்றித் தங்கை பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. அந்தப் பெண் வந்து கடலைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்றாள். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய பாடநூல் ஒன்றைத் தங்கை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், புத்தகம் விரித்த பக்கத்திலேயே கிடக்கிறது, அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ எதுக்கு மக்கா கேட்டா?" என்று விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்களாம். அப்படி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருந்தார். தங்கை அதற்கு விவரம் எடுத்துச் சொல்லி, மீன்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, சாயங்காலம் வரைக்கும் அவளோடு இருந்தாள். அப்பா மறுநாள் வேறொரு கரையில் பத்திரமாக ஏறினார். ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்காகத் தங்கை தன்னைக் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. பிள்ளைகள் முதலில் கேட்பது அவர்கள் கேட்க வந்தது அல்ல, இரண்டு மூன்று தடவை நாம் திருப்பிக் கேட்க வேண்டும் என்பாள். அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

அவளிடம் அதிகம் கேள்வி கேட்ட ஆள் யார் தெரியுமா? நான்தான். தினமும் காலை ஏழரைக்குக் குலைக்கடையிலிருந்து போன் போடுவேன். ஏத்தன் வாழைக்கு வாடல் வந்தால் என்ன மருந்து, கேரளாவில் லாரிக்கு என்ன புதுச் சட்டம், செவ்வாழை வேறெந்த நாட்டில் விளைகிறது, எல்லாம் கேட்பேன். சில சமயம் உடனே சொல்லுவாள், சில சமயம் சாயங்காலம் தேடிச் சொல்லுவாள். அதை நான் கடையில் எடுத்து விடுவேன். இவருக்குத் தெரியாதது இல்லை என்று வியாபாரிகள் பேசிக்கொள்வார்கள். நானும் அது யார் சொன்னது என்று காட்டிக்கொண்டதில்லை. இந்த மலரில்தான் முதல்முதலாகச் சொல்லுகிறேன்.

தங்கை ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, அஞ்சுகிராமத்துக்காரப் பெண் ஒருவர் தலைமை நூலகராக வந்தார். வயது முப்பதுதான், பெரிய படிப்பு. அவருடைய வழி வேறு. பிள்ளைகளுக்கு நாம் தேடிக் கொடுக்கக் கூடாது, தேடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பார். கேள்விகள் வாட்சாப்பில் வரும், பதிலும் அதிலேயே போகும். தங்கை எழும்பிப் போவதைப் பார்த்து, "நீங்க இப்பிடியே கூட நடந்தா அந்தப் பிள்ளையள் தனியா எப்ப மேடம் நடக்கும்?" என்று கேட்டாராம். பெரியவரும் போகாதே என்றார், இவரும் போகாதே என்கிறார், காரணம் மட்டும்தான் வேறு என்று தங்கை போனில் சிரித்தாள். ஒரு நாள் அந்தச் சிரிப்பு இல்லை. வாசல் பக்கம் கிடக்கும் ரெஃபரன்ஸ் மேசையை எடுத்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் போடப்போகிறார்கள் என்றாள். "மேசை போச்சுன்னா எங்கிட்ட யாருண்ணே வருவா?" என்று கேட்டாள். அவள் அழுது நான் கேட்டது அப்பா இறந்த அன்றும் அன்றைக்கும்தான்.

நான் விடுவேனா? மறுநாளே வெள்ளை வேட்டி சட்டையோடு நேராகக் கல்லூரிக்குப் போனேன். ஒரு கேள்வி கேட்டு அந்தப் பெண்ணை மடக்க வேண்டும், உன் கம்ப்யூட்டர் எங்கே, என் தங்கை எங்கே என்று கேட்க வேண்டும், இதுதான் திட்டம். ஏத்தன் வாடலைப் பற்றிக் கேட்டேன். வழக்கமாக யாரிடம் கேட்பீர்கள் என்றார். தங்கையிடம் என்றேன்.

"மேடம் போன் எடுக்காத அன்னைக்கு நீங்க என்ன செய்வியோ மாமா?"

என் போனையே வாங்கி, மைக் படத்தை அழுத்தித் தமிழில் பேசினால் போதும் என்று காட்டினார். வந்ததில் எதை நம்பலாம், எழுதியது யார், எப்போது எழுதியது என்று பார்க்கவும் சொல்லித்தந்தார். அரை மணி நேரத்தில் படித்துவிட்டேன். அதுவரை கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதாத என் கை, உலகத்தையே திறக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மேசை விஷயத்தை மறந்தே போனேன். அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், எல்லாம் நானே பார்ப்பேன் என்று போனை எடுத்துக் காட்டினேன்.

"கொள்ளாம்ணே, நல்லதுதான்" என்றாள். காப்பி போட உள்ளே போனாள். மேசையைப் பற்றி அவளும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அது மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது.

அதன்பிறகு ஏழரை மணிப் போன் குறைந்தது. தினமும் பேசியது வாரம் ஒன்றாயிற்று, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஆயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அவளே சில நாள் கூப்பிடுவாள். "என்னண்ணே, ஒண்ணும் கேக்கதுக்கு இல்லியா?" என்பாள். இப்போதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை என்று நான் பெருமையடிப்பேன். நல்லதுண்ணே என்று வைத்துவிடுவாள். அவள் கேட்க வந்தது அது இல்லை என்று அன்றைக்கு எனக்கு மனசிலாகவில்லை. இரண்டு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன வருடம் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அஞ்சுகிராமத்துக்கார அந்த இளைய நூலகர் வாரம் இரண்டு தடவை வந்தார். பழம் கொண்டுவரவில்லை, கேள்வி கொண்டுவந்தார். ஒரு மாணவனுக்குப் பழைய வாய்க்கால்களைப் பற்றி விவரம் வேண்டும், எங்கே பார்க்கலாம் அக்கா என்பார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் எழும்பி உட்கார்ந்து, எந்த அலமாரி, எந்தத் தட்டு, அட்டை என்ன நிறம் என்று சொல்லுவாள். வெளியே வைத்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன், இதெல்லாம் உனக்கு உண்மையிலேயே தெரியாதா மக்கா என்று. "பாதி தெரியும் மாமா. மீதிப் பாதி சத்தியமா தெரியாது. இப்ப நானும் எழும்பித்தான் போறேன். எல்லாருக்கும் இல்ல, கேக்கத் தெரியாம நிக்கிய பிள்ளையளுக்கு" என்றார்.

அன்றைக்கு உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல வருடம் கழித்துத் தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஏட்டி, எனக்கு வாசிக்க ஒரு புத்தகம் சொல்லு."

என்னை உற்றுப் பார்த்தாள். எழுபது வயது தாண்டியும் நான் ஒரு புத்தகம்கூட முழுசாக வாசித்ததில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எதுக்கண்ணே?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாவ. கதையா வேணும், நடந்ததா வேணும்?" நடந்தது என்றேன். யாருக்கு நடந்தது என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கேட்டாள்: "பள்ளிக்கூடத்த விட்ட அன்னைக்கு உனக்கு என்னண்ணே தோணிச்சு?"

அறுபது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காதது. அம்மாகூடக் கேட்டதில்லை. சொன்னேன். முதல் குலையைத் தலையில் வைத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரோடு வளையும் வரைக்கும் நானும் கூடவே சொல்லிக்கொண்டு நடந்தேன். வளைவு தாண்டினதும் சத்தம் கேட்கவில்லை. எந்த எண்ணில் விட்டேன் என்று இப்போதும் தெரியும். இதைச் சொல்லும்போது தங்கை என் விரலைப் பிடித்திருந்தாள். "ஒண்ணு மனசில இருக்குண்ணே. சரியான்னு யோசிச்சு நாளைக்குச் சொல்லுகேன்" என்றாள்.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேருவதற்கு முன்னால் கண்ணை மூடிவிட்டாள்.

அவளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் கூட இருந்த மைத்துனர் அவர்களுக்கும் மருமகளுக்கும், ஜெபித்துத் தாங்கிய போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், அடக்க நாளில் மழையையும் பாராமல் வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவள் புத்தகம் தேடிக் கொடுத்த பழைய மாணவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து நின்றார்கள். இனயத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு வந்து, பெட்டி பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நன்றி.

இளைய நூலகர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. தங்கை மனதில் வைத்திருந்த புத்தகம் எது என்று அவரிடம் போய்க் கேட்டேன். அவர் உட்கார வைத்து நிறையக் கேட்டுவிட்டு, எழும்பி நடந்துபோய், மூன்று புத்தகம் எடுத்துத் தந்தார். வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் வாசிக்கிறேன். இரண்டு முடிந்துவிட்டது, நல்லவைதான், ஆனால் தங்கை மனதில் வைத்தது அவை இல்லை. மூன்றாவதில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். தங்கை சொல்ல நினைத்தது இதுவாக இருக்குமோ என்று ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் தோன்றுகிறது.